அட்டைக்காரம்மாவின் பாதித் திரை

அந்தச் சிவப்பு வட்டத்தை என் மனைவியின் ரத்தம் என்று நம்பினேன். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதற்கு முன்னால் நானே சிரித்துவிட்டால் மானம் கொஞ்சம் மிஞ்சும். கம்ப்யூட்டர் திரையில் மூளையின் ரத்தக் குழாய்கள் வேர் வேராகச் சாம்பல் நிறத்தில் ஓடின. நடுவே சுண்டுவிரல் நகமளவு ஒரு சிவப்பு வட்டம். அது கம்ப்யூட்டர் போட்ட குறி. நானோ, உள்ளே குழாய் உடைந்து அந்த நிமிஷமே ஒழுகிக்கொண்டிருக்கிற ரத்தம் என்று எண்ணி, அது பெரிதாகிறதா என்று கண் கொட்டாமல் பார்த்தேன். பெரிதாகிற மாதிரியே இருந்தது. இருபத்தேழு வருஷம் ஜவ்வாது மலையில் ஜீப் ஓட்டியவன் நான். வளைவில் எதிரே பஸ் வந்து நின்றாலும் வாயிலிருக்கும் பாக்கு நழுவாது. அப்பேர்ப்பட்டவன் ஒரு நகத்துக்கு முன்னால் முட்டி இடிக்க நின்றேன்.

என் முட்டியைப் பற்றி எழுதுவதற்காக உட்காரவில்லை. அந்தத் திரையின் சொந்தக்காரியைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

புதூர்நாட்டிலிருந்து இறங்கினால் அடிவாரத்தில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரி இருந்தது. அதில் ஸ்கேன் அறை அவருடையது. ஐம்பது வயது இருக்கும். குள்ளம். நூல் புடவைக்கு மேலே வெள்ளைக் கோட்டு, கோட்டுப் பையில் ஒரு துண்டுப் பென்சில், கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. பெயர் எனக்குத் தெரியும். ஆனால் எதையும் யாரும் முன்கூட்டியே சொல்லிவிடக் கூடாது என்பது அவர் கொள்கை. அதனால் பெயரையும் சொல்லாமலே விடுகிறேன். மலையிலிருந்து வருகிறவர்கள் அவரை அட்டைக்காரம்மா என்றார்கள்.

வாரத்துக்கு இரண்டு தரமாவது நான் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவேன்.

"இன்னா டிரைவரே, இன்னிக்கு எத்தினி தலை?"

"மூணு தலைங்க மேடம். ஒண்ணுலதான் மூளை இருக்குது."

"சொல்லாதீங்க. பாத்துக்கறேன்."

இந்த 'சொல்லாதீங்க, பாத்துக்கறேன்' தான் அவர். காலையில் வணக்கத்துக்குப் பதில் அது, சாயங்காலம் போய்வருகிறேனுக்குப் பதிலும் அது. ஒரு தரம் மருத்துவ முகாமுக்காக என் ஜீப்பில் மலை ஏறினார். வண்டி வழியெல்லாம் கடகடவென்றது. "மெக்கானிக் கிளட்ச்னு சொல்றாங்க மேடம்" என்று ஆரம்பித்தேன். கையை உயர்த்தி என் வாயை அடக்கினார். அடுத்த நாலு வளைவும் ஜன்னல் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டே வந்தார். பிறகு வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, பானெட்டைக் கையால் அழுத்தினார். சத்தம் நின்றது. பானெட்டின் கொக்கி தேய்ந்திருந்தது. கிளட்சைக் கழற்றுவதற்கு நான் மெக்கானிக்கிடம் நாள் வேறு குறித்து வைத்திருந்தேன். "அவரு கிளட்ச்னு சொன்னதுக்கு அப்புறம் உங்க காதுல கிளட்ச்தான் கேக்கும்" என்றார். பலாப்பழக்காரியிடமும் இதே கதை. அவள் "தேனு மாரி இருக்கும்மா" என்று வாய் திறந்தால் அந்தப் பழத்தைக் கீழே வைத்துவிட்டு வேறொன்றைத் தட்டிப் பார்ப்பார். அவள் சபித்துக்கொண்டே விற்பாள்.

அட்டைக்கு வருகிறேன். மெட்ராஸிலிருந்து காலேஜ்காரர்கள் சிலர் வந்து அவர் அறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துவிட்டுப் போனார்கள். ஊர்ப்பட்ட மண்டைகளின் படங்களைக் காட்டி அதைப் பழக்கியிருக்கிறார்களாம். பழைய டயரின் பக்கவாட்டில் முட்டை மாதிரி ஒரு வீக்கம் விடும், பார்த்திருப்பீர்கள். மூளையின் ரத்தக் குழாயிலும் அப்படி விடுமாம். வெடித்தால் ஆள் காலி. வெடிப்பதற்கு முன்னால் அதைக் கண்டுபிடித்துக் குறி போட்டுக் காட்டுவது கம்ப்யூட்டரின் வேலை. படம் நகரத்திலிருக்கும் ஒரு டாக்டருக்கும் போகும், அவர் பார்த்து முடிவு சொல்ல ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ ஆகும். கம்ப்யூட்டருக்கு நாலு நிமிஷம் போதும். திரையின் இடது பாதியில் வெறும் படம், வலது பாதியில் அது குறி போட்ட படம்.

அட்டைக்காரம்மா முதல் நாளே குளுக்கோஸ் பாட்டில் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, துணி காயப்போடுகிற கிளிப்பால் வலது பாதியின் மேல் மாட்டிவிட்டார். மேலே ஸ்கெட்ச் பேனாவில் 'கை வைக்காதே'. முதலில் வெறும் படத்தைப் பார்ப்பார். பழைய தாளின் பின்பக்கத்தில் அந்தக் குழாய்களை ஒரு மரம் போல வரைவார். சந்தேகம் வருகிற கிளையில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. அப்புறம்தான் கிளிப்பைக் கழற்றுவார். காலேஜ் பையன் ஒருத்தன் சிரித்துக்கொண்டே கேட்டான், "எதுக்கு மேடம் கஷ்டம், அதான் அதுவே சொல்லுதே?"

"தம்பி, காட்டுல ஒரு ஆளக் காணோம்னு தேடப் போறோம். ஒருத்தன் வந்து கெழக்கால போனாருன்றான். அப்புறம் மேற்கால இருக்கற மரத்தடிய யாராச்சும் பாப்பாங்களா? அது தப்பாச் சொன்னா பரவால்ல. அது சொல்லி நானும் ஆமான்னு தலையாட்டிட்டேன்னா, அங்கதான் ஆளு போச்சு."

பையன் சிரிப்பை நிறுத்திக் குறித்துக்கொண்டான்.

கம்ப்யூட்டர் மேல் அவருக்குப் பகையொன்றும் கிடையாது. ஒரு நோட்டு வைத்திருந்தார். அதில் இரண்டே வகை வாசகம்: 'நான் பார்த்தேன், அது பார்க்கவில்லை.' 'அது பார்த்தது, நான் பார்க்கவில்லை.' ஒரு தடவை நெல்லிவாசல்நாட்டிலிருந்து தேன் எடுக்கிற பெரியவர் ஒருவரைக் கொண்டுபோனேன். அட்டைக்காரம்மா அரை மணி பார்த்துவிட்டு மரத்தில் குறி ஒன்றும் போடாமல் பென்சிலைக் கீழே வைத்தார். கிளிப்பைக் கழற்றினார். எனக்கு வாசல் ஓரத்து ஸ்டூல், அங்கிருந்து திரையின் முதுகுதான் தெரியும். ஆனால் அவர் முகம் தெரிந்தது. எழுந்து நின்றார். பிள்ளையார் முன்னால் நிற்கிற மாதிரி இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். நோட்டில் எழுதினார். பெரியவரை அன்றைக்கே வேலூருக்கு அனுப்பினார்கள். மூன்றாம் மாசம் அவர் திடகாத்திரமாக ஒரு பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்து நின்றார்.

"யம்மா, இது அந்தக் கம்பூட்டருக்கு."

நான் சிரிப்பதற்கு வாயைத் திறந்தேன். அட்டைக்காரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார், மூடிக்கொண்டேன்.

"வைங்க, அது முன்னாடியே வைங்க. அன்னிக்கி நான் பாக்கலீங்க, அதுதான் பாத்துச்சு" என்றார். சாயங்காலம் பழத்தை அறுத்து ஆஸ்பத்திரி முழுக்கக் கொடுத்தார். தான் மட்டும் ஒரு சுளைகூடத் தொடவில்லை.

அவர் அறைக்குள் எனக்கு ஸ்டூல் கிடைத்ததே என் வாயால்தான். மெஷினுக்குள் தலையைக் கொடுத்தால் மலைச் சனத்துக்கு நடுக்கம் எடுக்கும், ஆடினால் படம் கெடும். நான் பக்கத்தில் நின்று ஏதாவது உளறி அவர்களைச் சிரிக்கவைத்துப் படுக்கவைப்பேன். "உன் தலைய எடுத்துக்கினு போவ மாட்டாங்க சித்தப்பா, எடுத்தாலும் வெல போவாது" என்கிற ரகம். எதைப் பார்த்தாலும் ஜோக் அடிப்பது எனக்கு வியாதி. பயம் வந்தால் அது முற்றும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முடிவு என்னவென்று அட்டைக்காரம்மா ஒருவரிடமும் சொல்ல மாட்டார், அது டாக்டர் சொல்ல வேண்டியது. ஆனால் வெளியே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு ஏதாவது ஒரு தடயம் வேண்டாமா? அவர்களாகவே கண்டுபிடித்துவைத்திருந்தார்கள். அவர் கதவைத் திறந்து "போய் சாப்டுங்க" என்றால் தலைக்கு ஒன்றுமில்லை. "இருங்க, எதுவும் சாப்டாதீங்க" என்றால் வேலூரில் ஆபரேஷன், அதற்கு வெறும் வயிறு வேண்டும். அந்த பெஞ்சுகளில் உட்கார்ந்து சோற்றுக்காக அல்லாமல் சோறு என்கிற வார்த்தைக்காக ஜனம் ஏங்கிக் கிடந்ததை நான் இரண்டு வருஷம் பார்த்தேன். அதையும் கிண்டல் பண்ணியிருக்கிறேன்.

அப்புறம் என் முறை வந்தது.

புளி தட்டுகிற பருவம். சனிக்கிழமை மத்தியானம் என் மனைவி வாசலில் உட்கார்ந்து புளியை உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று பிடரியில் யாரோ உலக்கையால் அடித்த மாதிரி இருந்தது என்று இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. "நான் இல்லமே, நான் சமையக் கட்டுல இருக்கறேன்" என்றேன். சுக்கு அரைத்து நெற்றியில் பற்றுப் போட்டு, புருவத்தை மூடுகிற மாதிரி துணியால் இறுக்கிக் கட்டினாள். தலைவலி வந்தால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் துணியை அவிழ்த்துப் பற்றை மாற்றினாள். வலது கண் பாதி மூடியிருந்தது. "இன்னாமே, பேரப்புள்ள எடுத்த வயசுல கண்ணடிக்கிற?" என்றேன். அவள் சிரித்தாள், தலை வலித்தது, திட்டினாள். மறுபடியும் துணி கட்டினாள். திங்கட்கிழமையும் ஒரு தரம் அதே ஜோக்கை அடித்தேன். செவ்வாய்க்கிழமை விடியலில் வாந்தி நிற்கவில்லை. தூக்கி ஜீப்பில் போட்டேன்.

இறங்குகிற வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன். என்ன பேசினேன் என்று ஞாபகமில்லை. "கொஞ்சம் வாய மூடுய்யா, வெளிச்சமும் ஆவல, உன் சத்தமும் ஆவல" என்று அவள் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

பணியிலிருந்த சின்ன டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் நானே பதில் சொன்னேன். தலைவலி, வாந்தி, வெளிச்சம் ஆகவில்லை. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு என் தோளில் கிடந்தாள். ஸ்கேனுக்கு அனுப்பினார். அட்டைக்காரம்மா நெற்றித் துணியை அவிழ்த்துவிட்டுப் படுக்கவைத்தார். அப்போதும் அவள் கண் திறக்கவில்லை.

"ஊசி போட்டதும் ஒடம்பெல்லாம் சூடாவும்மா. ஒண்ணுக்குப் போய்ட்ட மாதிரியே இருக்கும். போயிருக்க மாட்டீங்க. ஆடாம இருங்க." என்னைப் பார்த்து, "டிரைவரே, எதுனா பேசுங்க" என்றார்.

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு ஒன்றும் வரவில்லை. என் வாயை அவர் ஒரு நொடி பார்த்துவிட்டு, தானே அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

படம் முடிந்தது. ஊசியைக் கழற்றி அவளை இறக்க உள்ளே போனார். கம்ப்யூட்டர் இருந்த அறையில் நான் தனியாக நின்றேன். எதிரே அட்டை. கை வைக்காதே.

நாலு நிமிஷம் ஆகிவிட்டது என்று எனக்குத் தெரியும். அந்த அட்டைக்குப் பின்னால் முடிவு வந்து உட்கார்ந்திருக்கிறது என்றும் தெரியும். கல்யாணப் பந்தியில் இலையைப் போட்டுவிட்டு யாரோ பேச்சு நீட்டுகிற மாதிரி என் உயிரை வைத்துக்கொண்டு ஒரு குளுக்கோஸ் அட்டை காத்திருக்கச் சொல்கிறது. சுண்டுவிரலால்தான் தூக்கினேன். முழுக் கையை வைத்தால்தானே கை வைத்ததாகும்.

சிவப்பு. நான் சொன்ன சிவப்பு.

"மேடம்! மேடம்! எடது பக்கம் ரத்தம் ஒழுவுது! எடது பக்கம்! ஓடியாங்க, பெருசாவுது!"

அவர் ஓடிவரவில்லை. நடந்து வந்தார். அட்டை என் காலடியில் விழுந்து கிடந்தது. அதை எடுத்துத் தூசி தட்டினார். திட்டுவார் என்று நின்றேன், திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அது ரத்தமில்ல. கம்ப்யூட்டர் போட்ட குறி. பெருசாவாது."

"அப்டின்னா ஒண்ணுமில்லீங்களா?"

"நான் இன்னும் பாக்கல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். "இனிமே நான் எங்க பாத்தாலும் அங்கதான் பாப்பேன் டிரைவரே. என் கண்ணக் கெடுத்துட்டீங்க."

அட்டையை மாட்டினார். தாளில் மரம் வரைய ஆரம்பித்தார். இடது கிளையில் போய்ப் பென்சில் நின்றது. தாளைக் கசக்கிப் போட்டார். படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மூன்றாவது மரத்திலும் பென்சில் அங்கேதான் நின்றது. நான் வெளியே வந்துவிட்டேன்.

பெஞ்சில் அவள் மறுபடியும் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள்.

"ஒண்ணுக்குப் போய்ட்டேன்யா. அந்தம்மா பொய் சொல்லிச்சு."

"இல்லமே, எல்லாருக்கும் அப்டித்தான் இருக்கும்."

"அந்தம்மா சாப்ட சொல்லிச்சா?"

"இன்னும் சொல்லல."

"சொல்லாதா?"

பக்கத்து பெஞ்சிலிருந்த நாலு பேரும் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்களுக்கும் அந்தக் கணக்கு தெரியும். ஒரு மணி நேரத்துக்கு மேலே ஆகியிருக்கும். போளூரிலிருக்கிற மச்சானுக்குப் போன் போட்டு வரச் சொல்லலாமா, சொன்னால் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அந்த நேரம் முழுக்க யோசித்தேன். 'உன் தங்கச்சி தலையில டயர் வீங்கியிருக்குது' என்று ஒரு வாக்கியம் வந்தது. அதற்கு நானே சிரித்தேன். அவள் முனகினாள்.

கதவு திறந்தது. அட்டைக்காரம்மா காதில் போனோடு நின்றார். நகரத்து டாக்டர் பேசி முடித்திருந்தார். கம்ப்யூட்டர் வட்டம் போட்ட இடத்தைப் பார்த்தாராம். குழாய் கிளை பிரிகிற முனையில் சிலருக்கு இயற்கையாகவே புனல் மாதிரி கொஞ்சம் அகலமாக இருக்குமாம், அது வீக்கமே இல்லையாம். வீட்டுக்கு அனுப்பலாம், தலைவலிக்கு மாத்திரை, அடுத்த வாரம் வரட்டும்.

"போய்..." என்றார். ஒரு மூச்சு நிறுத்தினார். "போய் சாப்டுங்க."

பெஞ்சிலிருந்த ஒரு கிழவர் கைதட்டினார். நான் எப்படி ஓடினேன், யாரை இடித்தேன் என்று தெரியாது. கேட்டுக்கு வெளியே டீக்கடையில் வாணலியிலிருந்து அப்போதுதான் எடுத்த போண்டாக்கள் இருந்தன. நாலு வாங்கிக் காகிதத்தோடு ஊதிக்கொண்டே திரும்பி வந்தேன். "பாத்தியாமே, ரத்தமுமில்ல ஒண்ணுமில்ல. கம்பூட்டருக்கே உன் தல புரியலயாம், நான் எந்த மூலைக்கு!" ஒரு துண்டைப் பிய்த்து அவள் வாயில் வைத்தேன். மூன்று நாளாகச் சாப்பிடாதவள் மென்றாள்.

அட்டைக்காரம்மா கதவருகிலேயே நின்றிருந்தார். உள்ளேயும் போகவில்லை, கதவையும் சாத்தவில்லை. எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்து மேஜையிலிருந்து டார்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு நேராக வந்தார்.

"இன்னா மேடம்?"

"படத்த என்னால பாக்க முடியல. ஆளப் பாக்கறேன்."

அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நெற்றித் துணியை மெல்ல மேலே தள்ளினார். "கண்ணத் தொறங்கம்மா. ரெண்டையும்." இடது கண் திறந்தது. வலது இமை பாதியில் நின்றது. விரலால் அதைத் தூக்கி டார்ச் அடித்தார். இடது கண்ணுக்கு அடித்தார். மறுபடியும் வலது. இடது கண்ணின் பாப்பா வெளிச்சத்துக்கு மிளகு மாதிரி சுருங்கியது. வலது கண்ணில் அது கருவேப்பிலைப் பழம் போல அகலமாக, அசையாமல் இருந்தது. எனக்கே தெரிந்தது.

"வாயில இன்னா?"

"போண்டாங்க மேடம்."

"துப்பச் சொல்லுங்க."

"மேடம், நீங்கதான..."

"துப்பச் சொல்லுங்க!"

அவர் குரல் உயர்ந்து அன்றைக்குத்தான் கேட்டேன். என் உள்ளங்கையை அவள் வாய்க்குக் கீழே நீட்டினேன். அவள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே துப்பினாள். கைதட்டிய கிழவர் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

"இந்த இமை எப்பலேர்ந்து இப்டி இருக்குது?"

என்னிடம்தான் கேட்டார். இரண்டு வருஷத்தில் அவராக என்னிடம் 'சொல்லுங்க' என்று கேட்டது அந்த ஒன்றுதான்.

"இன்னிக்கிக் காலையிலதாங்க மேடம்" என்றேன்.

என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்குப் பேசத் தெம்பில்லை.

அவர் எழுந்து உள்ளே போனார். பின்னாலேயே போனேன், தடுக்கவில்லை. நாலாவது மரத்தை வரைந்தார். இந்தத் தடவை பென்சில் இடது கிளைக்குப் போகவில்லை. வலது பக்கம், மண்டை எலும்பை ஒட்டிக் குழாய் வளைந்து ஏறுகிற இடத்தில் போய் நின்றது. எலும்பும் குழாயும் ஒரே வெள்ளையாகக் கிடந்த இடம். படத்தைச் சாய்த்தார், இன்னும் சாய்த்தார். "இங்க" என்றார். நான் பார்த்தேன். சாமை அரிசி இரண்டு சேர்ந்து ஒட்டிக்கொண்ட மாதிரி ஏதோ இருந்தது. அவர் சொல்லாவிட்டால் எனக்கு அதுவும் தெரிந்திருக்காது. கம்ப்யூட்டர் அந்தப் பக்கம் ஒரு குறியும் போட்டிருக்கவில்லை.

டாக்டருக்குப் போன் போட்டார்.

"சார், அந்த அம்மாவுக்கு வலது இமை எறங்கியிருக்கு. வலது கண்ணு பாப்பா பெருசா இருக்கு, வெளிச்சத்துக்குச் சுருங்கல. எங்க பாக்கணும்னு நான் சொல்லலீங்க சார். நீங்களே பாருங்க."

போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து டாக்டரின் குரல் எனக்கே கேட்கிற அளவுக்கு வந்தது: "உடனே அனுப்புங்க."

ஆம்புலன்ஸில் அவளைப் படுக்கவைத்தார்கள். ஏறுவதற்கு ஒரு காலை வைத்தேன். அட்டைக்காரம்மா என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"டிரைவரே, வேலூர் போற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க. அவங்க சிரிக்கக் கூடாது. இருமக் கூடாது, முக்கக் கூடாது. சிரிச்சா அது தாங்காது."

என் ஜோக்குக்கு ஒரு ஆள் சாகக்கூடும் என்று அதுவரை எவனும் என்னைப் புகழ்ந்ததில்லை. இந்த வாக்கியம் அப்போதே மனசுக்குள் வந்துவிட்டது. என்ன பிறவி நான். வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஏறினேன். கையில் போண்டா வாசம் அடித்தது.

வண்டி நெடுஞ்சாலை ஏறியது. நான் பேசவில்லை. வாணியம்பாடி தாண்டியது. பேசவில்லை. கூரையிலிருந்த திருகாணிகளை எண்ணினேன். கல்யாணமான நாளிலிருந்து நான் இத்தனை நேரம் சும்மா இருந்து அவள் பார்த்ததில்லை. அவள் கை நகர்ந்து வந்து என் முட்டியைத் தொட்டது.

"இன்னாய்யா, பேசாம வர்ற?"

தலையை ஆட்டினேன்.

"நான் செத்துடுவனா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. மறுபடியும் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்றும் சரியாகத் தெரியவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இடது கண் முழுசாக மூடியது, வலது கண் ஏற்கெனவே மூடியிருந்த அளவுக்கு மேலே கொஞ்சம்தான் மூட வேண்டியிருந்தது.

அடிவாரத்துக்கு நான் திரும்பிப் போக நாலு மாசம் ஆகிவிட்டது. பெரிய பலாப்பழமாகப் பார்த்து, மரத்தடியில் யார் என்ன சொன்னாலும் காதில் வாங்காமல் நானே தட்டிப் பார்த்து எடுத்துக்கொண்டு போனேன். ஸ்கேன் அறையில் வேறொரு பெண் இருந்தாள். காலேஜ்காரர்களின் சோதனை முடிந்து கம்ப்யூட்டரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். அதே மாசத்தில் அட்டைக்காரம்மாவும் வேலையை விட்டுவிட்டாராம். எங்கே போனார் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. மகள் வீடு என்றார் ஒருத்தர், ஓசூரில் வேறு ஆஸ்பத்திரி என்றார் இன்னொருத்தர். அவர் விட்டுப்போன நம்பரில் போன் அணைந்து கிடந்தது. நோட்டு மட்டும் மேஜை இழுப்பறையில் இருந்தது. புதுப் பெண்ணிடம் கேட்டு வாங்கிப் புரட்டினேன். என் மனைவிக்கு உரிய இடத்தில் அவருடைய வழக்கமான இரண்டு வாசகங்களில் ஒன்றும் இல்லை. 'அது பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. ஆளைப் பார்த்தேன். இமை இறங்கியது இன்று காலை (கணவர் சொன்னது)' என்று எழுதியிருந்தார்.

பென்சில் எழுத்து. அழிப்பதும் திருத்துவதும் சுலபம். என்னிடம் பேனாகூட இருந்தது. நோட்டை மூடிக் கொடுத்துவிட்டு, பழத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

நடந்தது இதுதான். சிவப்பு வட்டம் போட்ட இடத்தில் ஒன்றுமில்லை. வீக்கம் வலது பக்கம் இருந்தது, நாலு மில்லிமீட்டர். வேலூரில் தொடை வழியாகக் கம்பி விட்டு, சுருள் வைத்து அதை அடைத்தார்கள். என் மனைவி உயிரோடு இருக்கிறாள். வீக்கம் கண் நரம்பை அழுத்தி நாளாகிவிட்டதால் வலது இமை முழுசாகத் திறக்காது என்று டாக்டர் சொன்னார், திறக்கவில்லை. அந்த இமை இறங்கியது செவ்வாய்க்கிழமை காலையில் அல்ல, ஞாயிற்றுக்கிழமை காலையில்.